முதுகுக்குப் பின்னால் கடல்

1979 தை 7, ஞாயிறு

இன்று மருதமுனைப் பள்ளிவாசலிலும் கேட்டுவிட்டேன். கரை ஒதுங்கிய, ஆள் தெரியாத மையத்து எதுவும் அங்கே வரவில்லை என்றார்கள். நடந்துதான் போனேன், நடந்துதான் வந்தேன். வழியில் பாண்டிருப்பு. அது தமிழாக்களின் ஊர். பள்ளி இல்லை, கேட்பதற்கு ஒன்றும் இல்லை. தாண்டி வந்தேன்.

கார்த்திகையில் புயல் அடித்த அந்த வியாழக்கிழமை விடியவே மருமகன் அச்சிமுகம்மது கடலுக்குப் போனான். ஒரு தோணியில் மூன்று பேர். மற்ற இரண்டு பேரின் மையத்தும் நிந்தவூர்க் கரைக்கு வந்து, கொண்டுவந்து எங்கள் மையவாடியில் அடக்கியாயிற்று. இவன் மட்டும் இல்லை. உயிரோடும் வரவில்லை, மையத்தாகவும் வரவில்லை.

அன்று வாசல் படலையடியில் நான் சொன்னேன்: "வானம் கறுக்குது மனே."

"கறுத்தாத்தான் மாமா மீன் ஏறும்" என்று சிரித்தான். பல்லில் வெற்றிலைச் சாயம் இருந்தது. சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். இடது காலில் பழைய வெட்டுத் தழும்பு. எல்லாம் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. கடைப் பலகையையும் பிறர் வாசிக்கத்தான் கேட்பேன். சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் பிடித்துக்கொண்ட குர்ஆன் எழுத்து மட்டும் கையில் உண்டு. எங்கள் பழைய ஆட்கள் செய்ததுபோல அந்த எழுத்தில் எங்கள் பேச்சை எழுதுகிறேன். இதுவரை எதையும் எழுதி வைக்கத் தேவைப்பட்டதில்லை. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் எந்த வாய்க்கால் எந்த வளைவில் உடைந்தது என்று கேட்டால் இன்றும் சொல்வேன். இப்போது அந்த நினைவுதான் என்னைத் தின்கிறது. எங்கேயாவது இறக்கி வைக்கவேண்டும் போல இருக்கிறது.

மகள் சுபைறாவுக்கு நாலு மாதம். வயிற்றில் பிள்ளை.

தை 12, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு மருமகனின் உம்மா சுஹறா வந்தாள். கூடவே பள்ளி லெப்பையையும் கூட்டி வந்தாள். வாசலில் நின்றபடியே அழத் தொடங்கினாள்.

"என்ட புள்ளைக்கு ஒரு தொழுகை இல்ல, ஒரு கத்தம் ஓதல்ல. செத்த நாய்க்குக்கூட மண் போடுவாங்க. ஊரெல்லாம் பொட்டைக்கு வெள்ளை உடுத்தி அறைக்குள்ள இத்தாவில இருத்தியாச்சா எண்டு கேக்குது. நான் என்ன சொல்ல?"

சுபைறா உள்ளேயிருந்து பேசினாள். பச்சைச் சேலை, கையில் வளையல். அதை அவள் வேண்டுமென்றே போட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"மௌத்தாகாத மனிசனுக்கு நான் ஏன் மாமி வெள்ளை உடுக்க?"

"ஆருடி கண்ட அவன் மௌத்தாகல்ல எண்டு?"

"ஆரு கண்ட மௌத்தாகிட்டார் எண்டு?"

லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, "உறுதி இல்லாம நானும் தொழுவிக்க மாட்டன், சுஹறா. அது சட்டம்" என்றார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆனா காக்கா, அந்தப் புள்ளைக்கு நீங்கதான் கொஞ்சம் எடுத்துச் சொல்லணும்" என்றார்.

நான் என்ன சொல்ல? மாலையில் அவளருகே இருந்தேன். வாயைத் திறக்கும் முன்பே அவள் முந்திக்கொண்டாள்.

"அல்லாஹ்ட ரஹ்மத்தில, அவன்ட கருணையில நம்பிக்கை இழக்கப்படாதெண்டு நீங்கதானே வாப்பா எனக்குச் சொல்லித் தந்த. இப்ப நீங்களே இழக்கச் சொல்லாதீங்க."

எழும்பி வந்துவிட்டேன்.

தை 15, திங்கள்

சாய்ந்தமருதில் கேட்டேன். இல்லை.

தை 21, ஞாயிறு

சுபஹ் தொழுதபின் கடற்கரை மணலில் இருந்து, சூரியன் நீரைவிட்டு முழுவதும் எழும்பும்வரை தஸ்பீஹ் ஓதுவது என் வாழ்நாள் வழக்கம். புயலுக்குப் பிறகு போகவில்லை. பள்ளியிலிருந்து இறங்கி நேரே மேற்கே திரும்பி வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கடலை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு நடக்கிறேன்.

ஆனால் தோப்பெல்லாம் விழுந்துபோனதால் இப்போது எந்த இடத்திலிருந்தும் கடல் தெரிகிறது. முன்பு தென்னைகள் மறைத்திருந்தன. இன்று ஏதோ சத்தத்துக்குத் திரும்பியபோது கண்டுவிட்டேன். நீர் முழுவதும் விளக்கி வைத்த செம்புப் பாத்திரம்போல. அவ்வளவு வடிவு, அவ்வளவு அழகு. அவ்வளவு அமைதி. ஒரு பாவமும் அறியாததுபோல. நெஞ்சு நிறைந்து, வாய் தானாக சுப்ஹான் என்று தொடங்கிவிட்டது. பாதியில் விழுங்கினேன்.

என் மகளின் புருஷனை எடுத்த கடலைப் பார்த்துப் படைத்தவனைப் புகழ வாய் வருமா? வந்துவிட்டதே. நான் என்ன மனிதன்? ஆனால் அவன் பெயரைப் பாதியில் நிறுத்தியதும் நான்தான். எது பெரிய பிழை? இதை யாரிடம் கேட்பது? லெப்பையிடம் கேட்டால் சட்டம் சொல்வார்.

பெண்சாதி ஆயிஷா உம்மாவிடம் சொல்லவில்லை. அவள் தாங்க மாட்டாள். வீட்டில் கூரை இல்லை. தகரம் கிடைத்தது, போதவில்லை. மகளின் அறைக்கு மட்டும் போட்டிருக்கிறோம். நாங்கள் சமைக்கும் குசினிக்குள் படுக்கிறோம்.

மாசி 9, வெள்ளி

பள்ளியில் மௌலூது ஓதி நாரிசா கொடுத்தார்கள். சர்க்கரைச் சோறு, வாழையிலையில். கொண்டுவந்து சுபைறாவிடம் கொடுத்தேன். பாதியைத் தின்றாள். மீதியை மடித்து மேலே வைத்தாள்.

"ஆருக்கு மகள்?"

"அவருக்கு நாரிசா எண்டா உசிரு."

இரண்டு நாளில் புளித்துவிடும். சொல்லவில்லை.

மாசி 14, புதன்

அட்டாளைச்சேனை, அக்கரைப்பத்து. இரண்டு இடத்திலும் பள்ளிக்குப் போனேன். அக்கரைப்பத்தில் ஒரு கிழவர் தேநீர் வாங்கித் தந்தார். "இன்னும் தேடுறீங்களா காக்கா?" என்று கேட்டார். ஓம் என்றேன். இதற்குத் தெற்கே பொத்துவில் பள்ளிதான் மிச்சம். பேருந்துக்குக் காத்து நிற்கக் கால் விடவில்லை, திரும்பிவிட்டேன்.

எனக்கே தெரியவில்லை, நான் அவனைத் தேடுகிறேனா அல்லது அவன் இல்லை என்ற சொல்லைத் தேடுகிறேனா. எது கிடைத்தால் என் பிள்ளை பிழைப்பாள்? சோறு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. வயிறு மட்டும் வளர்கிறது. இரவில் காற்று அடித்தால் எழும்பிப் படலைக்கு ஓடுகிறாள். மருத்துவிச்சி பூமணி நேற்று வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, "இப்பிடியே போனா தாயோ புள்ளையோ எண்டு வந்திரும், பாவா காக்கா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள்.

மாசி 26, திங்கள்

சவளக்கடை வயலில் வெட்டு. புயலில் படுத்த பயிர், பாதிதான் எழும்பியது. எழும்பியதிலும் பாதி பதர்.

கதிர் அறுக்க, அருவி வெட்ட வருடா வருடம் வரும் சாமித்தம்பி இந்த முறை பிந்தித்தான் வந்தான். அக்கரைப்பத்துக்கு அப்பால் திருக்கோவிலில் பெண் எடுத்து அங்கேயே இருப்பவன். வரம்பில் ஏறியவுடன் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயலைப் பார்த்தான்.

"என்ன பாவா காக்கா, புயல் எங்களுக்கு முன்னமே வந்து வெட்டிப் போட்டுட்டுப் போயிட்டு! எங்களுக்கு என்ன மிச்சம் வெச்சிருக்கிறயள்?"

"வைக்கோல் இரிக்கி. தின்னுவியா?"

"உங்கட வீட்டுச் சோத்த விட வைக்கோல் மெதுவா இருக்கும், ஓம்."

மற்ற ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு. சிரித்த வாயோடேயே அவன் கேட்டான்: "மறுகா, வீட்டில எல்லாரும் சுகமா? மருமகன் எங்க, வெட்டுக்கு வருவாரே, காணல்ல?"

சொன்னேன். அவன் கையிலிருந்த தாக்கத்தி கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, என்னைப் பார்க்காமல் வயலுக்குள் இறங்கிவிட்டான். மத்தியானச் சோறும் தின்னவில்லை.

மாசி 27, செவ்வாய்

காலையில் நான் வயலுக்குப் போகும் முன்பே சாமித்தம்பி வாடிக் குடிசையில் காத்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"காக்கா, ஒண்டு கேக்கன். கோவிக்கப்படா. மருமகன் இடுப்பில என்ன கட்டிக்கிட்டுப் போனவர்?"

"பெல்ட். பச்சப் பெல்ட்."

"தைச்சதா?"

"பூட்டு விட்டுப் போனத மகள் வல நூலால தைச்சுக் குடுத்தவ" என்றேன். எந்த நாள், எந்த இடத்தில் இருந்து தைத்தாள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவன் வரம்பில் இருந்துவிட்டான். நானும் இருந்தேன். பிறகு மெதுவாகச் சொன்னான். புயலுக்குப் பிந்திய வாரம் திருக்கோவில் கரையில் ஒரு உடல் ஒதுங்கியது. முகம் தெரியவில்லை. சுன்னத்துச் செய்த உடலைக் கண்டதும் சோனகர் என்று தெரிந்தது. அக்கரைப்பத்துக்குக் கொண்டுபோக ரோட்டெல்லாம் வெள்ளம், பாலம் உடைந்து கிடந்தது. வைத்திருக்கவும் முடியாது.

"எங்கட சுடலைக்குக் கொண்டு போகல்ல காக்கா. அது அவருக்குச் சரிவராதெண்டு சீனித்தம்பியண்ண சொன்னார். அவர் உங்கட ஆக்களிட வயல்ல முந்தி நிண்டவர், அடக்கினதெல்லாம் கண்டவர். கடற்கர மேட்டில, வடக்குத் தெற்கா வெட்டி, வலப் பக்கமாச் சரிச்சு, முகத்த மேக்க பாக்க வெச்சம். பலக இல்ல, விழுந்த பனைய வரிஞ்சு மூடினம். உங்கட ஓதல் எங்களுக்குத் தெரியா. எங்கட தேவாரம் பாடவும் ஏலா, அவருக்குப் பொருந்தாதெண்டு. ஒரு சத்தமும் போடாம எல்லாரும் நிண்டம். அவ்வளவுதான் எங்களால ஏண்ட."

அக்கரைப்பத்துப் பள்ளிக்குச் சொல்லி ஆள் அனுப்பினார்களாம். அந்த ஆள் போய்ச் சேர்ந்தானோ தெரியாதாம். பொத்துவில் பக்கத்து மனிதராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கடைசியாகத்தான் அதைக் கேட்டான். குற்றம் சொல்வதுபோலக்கூட இல்லை.

"நீங்க ஏன்கா எங்கட பக்கம் வந்து ஒரு சொல்லுக் கேக்கல்ல? எங்கட கரையும் கரைதானே."

மருதமுனையிலிருந்து அக்கரைப்பத்து வரை ஒரு பள்ளி விடவில்லை. இடையில் கிடந்த ஊர்களையெல்லாம் தாண்டித் தாண்டி நடந்தேன். கடல் பள்ளி பார்த்தா கொண்டுபோய்ப் போடும்?

பங்குனி 1, வியாழன்

திருக்கோவிலுக்குப் போய் வந்தேன்.

மேடு. மணல். மாடு ஏறாமல் சுற்றி முள் வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே கூட்டிப் பெருக்கியிருந்தது. சாமித்தம்பியின் பெண்சாதி செல்லத்தங்கம் பெல்ட்டை ஒரு புதுப் பானைக்குள் வைத்திருந்தாள். எடுத்து இரண்டு கையாலும் தந்தாள். வலை நூல் தையல். சுபைறா தையல் முடியும் இடத்தில் இரண்டு முடிச்சுப் போடுவாள். இரண்டு முடிச்சு இருந்தது.

"புள்ள குட்டி இருக்கா அவருக்கு?" என்று கேட்டாள்.

"வரப்போகுது."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவனை அடக்கிய கபுறடியில் நின்று தொழுதேன். மேற்கே பார்த்து நான், மேற்கே பார்த்து அவன். கடல் எங்கள் இருவரின் முதுகுக்குப் பின்னால். அதன் சத்தம் மட்டும் கேட்டது. நாலு தக்பீரும் சொல்லி ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது சாமித்தம்பியும் அந்தச் சீனித்தம்பிக் கிழவரும் இன்னும் ஐந்தாறு பேரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள். சத்தமில்லை. அன்றும் இப்படித்தான் நின்றிருப்பார்கள்.

சீனித்தம்பிக் கிழவர் என்னிடம் வந்து, "சரியா வெச்சமா தம்பி? பிழை எண்டா சொல்லு" என்றார். என்னைவிட மூத்தவர்.

"ஒரு பிழையும் இல்ல" என்றேன்.

நான் இத்தனை மாதமாகத் துஆவில் என்ன கேட்டேன்? அவனைப் பாதுகாப்பாய் யா அல்லாஹ், அவனைப் பாதுகாப்பாய். அதையே கேட்டேன். இதுதான் பதிலா? இதைப் பதில் என்று ஏற்க என் நெஞ்சு இன்னும் இடம் தரவில்லை. ஆனால் இல்லை என்று தள்ளவும் முடியவில்லை.

பங்குனி 2, வெள்ளி

சொல்லவில்லை. பெல்ட் நெல்லு மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

பங்குனி 3, சனி

சொல்லவில்லை. ஆயிஷா உம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் உலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இண்டைக்குச் சொல்லாதீங்க. இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டிரிக்காள்" என்றாள்.

பங்குனி 5, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் போய் இருந்து பெல்ட்டை மடியில் வைத்தேன். வாய் வரவில்லை. வாய் வரவேண்டிய தேவையும் இல்லாமல் போய்விட்டது. அவள் அதைப் பார்த்தாள். தையலை விரலால் தடவிக்கொண்டு போய் முடிச்சில் நிறுத்தினாள். கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எங்க வாப்பா?"

"திருக்கோவில்ல. கடற்கர மேட்டில. அங்கத்த ஆக்கள் அடக்கியிரிக்காங்க."

"எந்தப் பக்கம் பாத்துக் கெடக்காரு?"

"மேக்க, கிப்லாவப் பாத்துத்தான் மகள். வலப் பக்கமாச் சரிச்சு."

"அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சாமித்தம்பி சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். என் நினைவால் ஒரு பிரயோசனம் இருந்தது என்றால் அது இன்றைக்குத்தான். தேவாரம் பாடாமல் சும்மா நின்றார்கள் என்று சொன்ன இடத்தில்தான் அவள் உடைந்தாள். அதற்கு முன்பு இல்லை. அந்த இடத்தில். சுளகு உருண்டு போனது, அரிசியெல்லாம் நிலத்தில். ஆயிஷா உம்மா ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

மாலை அஸருக்கு வளையலைத் தானே கழற்றினாள்.

பங்குனி 9, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளியில், உடல் இல்லாமலே காயிப் ஜனாஸாத் தொழுகை. ஊர் நிறைந்த கூட்டம். சுஹறா தரையில் விழுந்து அழுதாள், அவளுக்கு அந்த அழுகை வேண்டியிருந்தது. மகள் வெள்ளை உடுத்து அறைக்குள் இருந்துவிட்டாள். வயிற்றில் பிள்ளை இருப்பதால் பிள்ளை பிறக்கும்வரை இத்தா என்று லெப்பை சொன்னார்.

தொழுகை முடிந்ததும் புதுப் பேச்சு. முற்றத்தில் ஒருவன் சத்தம் வைத்தான்: "எங்கட மையத்த மற்ற ஆக்கள்ட ஊரில விட்டுவெக்கிறதா? நாளைக்கே போய்த் தோண்டிக் கொண்டு வந்து நம்மட மையவாடியில வெப்பம். லொறி நான் தாறன்."

"தோண்டத்தான் வேணும்" என்று இன்னும் சிலர். சுஹறாவும் என் முகத்தைப் பார்த்தாள்.

நான் வீட்டுக்கு வந்து கதவுக்கு இப்பால் நின்று மகளிடம் கேட்டேன். அவள் கதவருகே வந்தாள். பிறகு,

"தோண்டவேணா வாப்பா. வடிவா வெச்சிரிக்காங்க. அப்பிடியே கெடக்கட்டும்."

வடிவா என்ற சொல்லை அவள் வாயில் கேட்டு எத்தனை காலம். திரும்பிப் பள்ளி முற்றத்துக்குப் போய், அவளுடைய சொல் இதுதான் என்று சொன்னேன். லொறிக்காரன் முறைத்தான். லெப்பை, "கிப்லாவப் பாத்துக் கெடக்கிற கபுறைக் கிண்டுறதுக்கு என்னட்டச் சட்டம் இல்ல" என்று முடித்துவைத்தார். சுஹறா என் கையைப் பிடித்து, "ஒரு நாளைக்கு என்னை அங்க கூட்டிப் போங்க சம்பந்தி" என்றாள்.

சித்திரை 10, செவ்வாய்

அறைக்குள் இருக்கிறவளுக்கு வெளியிலிருந்து ஆண்களில் நான் மட்டும்தான் போகலாம். அஸருக்குப் பிறகு போய்க் கொஞ்சம் இருப்பேன். இருவரும் பேசுவதில்லை. இன்று திடீரென்று, "வெளியில என்ன வாப்பா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. விழுந்த மரம், கூரை இல்லாத வீடு, விலை ஏறிய மண்ணெண்ணெய். இவற்றைத்தான் நான் பார்த்துக்கொண்டு நடக்கிறேனா? இதை அவளுக்கு எப்படிக் கொடுப்பேன்? யோசித்து யோசித்து ஒன்று கிடைத்தது. பின்வளவில் தலை முறிந்து நிற்கிற தென்னை உண்டே, அதன் மேல் பொந்தில் கிளி குஞ்சு பொரித்திருக்கிறது. நேற்றுத்தான் கண்டேன். கண்டும் காணாததுபோலப் போயிருக்கிறேன்.

"எத்தின குஞ்சு?"

"சத்தம் மட்டும் கேக்குது. நாளைக்குப் பாத்துச் சொல்றன்."

ஆயிஷா உம்மா குசினியிலிருந்து, "கிளிக்கு வீடு கெடச்சிட்டு. எங்களுக்குத்தான் தகரம் வரல்ல" என்றாள். அறைக்குள்ளிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. சிரிப்பென்று சொல்ல மாட்டேன்.

நாளைக்கு மறக்காமல் பார்க்கவேண்டும்.

சித்திரை 24, செவ்வாய்

சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். மூன்று நாளாக இப்படித்தான். வயலில் கொக்கு இறங்கியதைச் சொன்னேன், கேட்கவில்லை.

"இந்தப் புள்ள ஏன் வாப்பா வருது? ஆரைப் பாக்க வருது?"

அல்லாஹ் அறிவான் என்றேன். அது வாய்ச்சொல். அவளுக்கும் தெரியும் அது வாய்ச்சொல் என்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று மஃரிபில் நின்றபோது என் நெஞ்சில் ஒன்றுமே இல்லை. காய்ந்த குளம். ஓதினேன், குனிந்தேன், எழும்பினேன். அவளுக்கு நம்பிக்கை என்று நான் கொடுத்தது ஒரு மனிதன் திரும்பி வருவான் என்பதுதான். அவன் வரவில்லை. இப்போது அவள் கை வெறுமையாகக் கிடக்கிறது. நான் கொடுத்ததே பிழையா? ரஹ்மத்து என்பது நாம் கேட்ட பொருளா, வேறேதாவதா? தெரியவில்லை. தெரியாமலேதான் ஐந்து நேரமும் போய் நிற்கிறேன். நிற்காவிட்டால் விழுந்துவிடுவேன்.

சித்திரை 25, புதன்

கிளிக்குஞ்சுகள் பறந்துவிட்டன. சொன்னேன். "ம்" என்றாள்.

வைகாசி 30, புதன்

சாமித்தம்பி பனையோலை ஒரு வண்டி கொண்டுவந்து இறக்கினான். இரண்டு பேரும் சேர்ந்து கூரையை வேய்ந்தோம். "வயசு போன கிழவனைக் கூரையில ஏத்தின பாவம் எனக்கு வேணாம், கீழ நிண்டு ஓலையத் தாங்க" என்று என்னை விரட்டினான். மகளுக்கென்று செல்லத்தங்கம் கொடுத்துவிட்ட எள்ளுருண்டை ஒரு பெட்டி. அவள் ஒன்று எடுத்துத் தின்றாள்.

ஆனி 12, செவ்வாய்

பெண் பிள்ளை.

மத்தியான லுஹருக்குச் சற்று முந்தி. பூமணி வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை. நான் முற்றத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன், எத்தனை தடவை தொடங்கினேன் என்று தெரியாது. பிறகு அழுகைச் சத்தம். மெலிந்த சத்தம், பூனைக்குட்டிபோல.

துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள். வலக் காதில் பாங்கு சொன்னேன். ஹய்ய அலல் ஃபலாஹ் என்ற இடத்தில் அவள் கண்ணைத் திறந்தாள். வெற்றிக்கு வா என்று கூப்பிடுகிற இடம். அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்கும் என்ன தெரியும்.

இத்தா இன்றோடு முடிந்தது. கதவைத் திறந்து வைத்தார்கள். மகள் வெளியே வரவில்லை.

ஆனி 15, வெள்ளி

பிள்ளை அழுதபடி இருக்கிறது. பால் இறங்கவில்லை. பூமணி காலையிலும் மாலையிலும் வந்து பார்த்தாள். சீனித்தண்ணீர் துணியில் தோய்த்து வைத்தார்கள், துப்பிவிடுகிறது. அழக்கூடச் சக்தி குறைகிறது.

பூமணி என்னை வெளியே கூப்பிட்டாள். "பால்சுறா வேணும் காக்கா. சரக்கு அரைச்சுக் காய்ச்சிக் குடுத்தா இறங்கும். எத்தின பேருக்குப் பாத்த கை இது. முந்தியே சொல்லணும் எண்டு நினைச்ச, ஆனா உங்கட வீட்டில..." என்று நிறுத்திவிட்டாள்.

எங்கள் வீட்டில் மீன் இல்லை. கார்த்திகையிலிருந்து இல்லை. வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, யாரும் வாங்கவும் இல்லை. மீன்காரன் மணி அடித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் எங்கள் படலையில் மட்டும் அடிக்காமல் போவான். அந்தக் கடலில் பிடித்ததை எப்படி அவள் முன்னால் வைப்பது? ஆயிஷா உம்மா, "ஆட்டுக்கால் காய்ச்சுவம், முருங்கையில காய்ச்சுவம்" என்று எதையெதையோ சொன்னாள். அதெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று.

இரவு இஷாவுக்குப் பிறகு அறையிலிருந்து மகளின் குரல்.

"நீங்க ரெண்டு பேரும் குசுகுசுக்கிறது எனக்குக் கேக்குது. வாப்பா, விடியக் கடற்கரைக்குப் போய்ப் பால்சுறா வாங்கிட்டு வாங்க."

"மகள்..."

"புள்ள பசிச்சு அழுது வாப்பா."

ஆனி 16, சனி

சுபஹ் தொழுதுவிட்டு, பள்ளியிலிருந்து இறங்கிக் கிழக்கே திரும்பினேன். கால் தயங்கத்தான் செய்தது.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்ட ஒருவன், "பாவா காக்காவா? கடல் இந்தப் பக்கம்தான் இரிக்கெண்டு நினைவு வந்துட்டோ!" என்றான். மற்றவன் அவனை முழங்கையால் இடித்தான். நான் கோபிக்கவில்லை. பால்சுறா வேண்டும் என்றேன்.

"ஆருக்கு?"

"மகளுக்கு. பால் இறங்கல்ல."

கயிறு இழுத்த கைகள் ஒரு கணம் நின்றன. இதில் பாதிப்பேர் அச்சிமுகம்மதோடு கடலுக்குப் போனவர்கள். தலைக்கயிற்றில் நின்றவன் சொன்னான்: "இரிங்க காக்கா. வல மடி இப்ப ஏறும். இரிங்க."

மணலில் இருந்தேன். இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வலை மெதுவாகத்தான் வரும். எனக்கு முன்னால் கடல் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு கண் கூசும்படி ஆகிவிட்டது. முகத்தைத் திருப்பவில்லை. கண்ணில் நீர் வந்தது, வெயிலால் என்று வைத்துக்கொள்ளலாம். அவனுக்காகவும் அழுதேன், அந்த வடிவுக்காகவும் அழுதேன். இரண்டும் ஒரே கண்ணிலிருந்துதான் வந்தது, எது எது என்று பிரித்துப் பார்க்கவில்லை.

மடி ஏறியபோது சாளைக்கு நடுவே சின்னச் சுறா இரண்டு கிடந்தன. பனையோலையில் கோத்துத் தந்தார்கள்.

ஆயிஷா உம்மா மிளகும் உள்ளியும் சீரகமும் அரைத்துக் காய்ச்சினாள். வீடெல்லாம் அந்த மணம். நாங்கள் இருவரும் குசினியில் வேறு வேலை இருப்பதுபோல நின்றோம். மகள் முதல் கவளத்தை வாயில் வைத்து வெகுநேரம் மெல்லாமல் இருந்தாள். பிறகு விழுங்கினாள். பிறகு அடுத்தது. தட்டை வழித்துத் தின்றாள். அறைக்குள் அல்ல, குசினி வாசலில் வந்து இருந்து தின்றாள்.

அஸருக்குப் பிறகு பிள்ளையின் அழுகை நின்றது. எனக்குப் பயம் வந்து எட்டிப் பார்த்தேன். பிள்ளை குடிக்கிறது. தொண்டையில் மடக்கு மடக்கென்று சத்தம்.

"நாளைக்கும் கெடைக்குமா வாப்பா?"

"கடல் இப்பிடியே கெடந்தாக் கெடைக்கும் மகள், இன்ஷா அல்லாஹ்."

நேரத்தோடு எழும்பவேண்டும்.